விரலை எடுத்தும் நிற்காத சத்தம்: பியானோ டேம்பர் கோளாறுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது

வட சென்னையில் பியானோ எங்கெல்லாம் இருக்கிறது என்று கேட்டால் ராயபுரம், பெரம்பூர்ப் பக்கத்து சர்ச்சுகள், சில பழைய பள்ளிக்கூடங்கள், ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வீடுகள் என்று சொல்லலாம். இவை எல்லாவற்றுக்கும் ஒரே சங்கடம். கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி தொடங்குவது நவம்பரில். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்ப்பதும் அதே நவம்பரில். மாதக்கணக்கில் மூடிக் கிடந்த பெட்டியைத் திறந்து வாசித்தால், கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகும் சத்தம் இழுத்துக்கொண்டே போகும். "தம்பி, நான் பெடலை மிதிக்கவே இல்ல. ஆனா மிதிச்ச மாதிரியே கேக்குது" என்று பெரம்பூர் ஆன்ட்டி ஒருவர் போனில் சொன்னார். நோயை இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்ல முடியாது.

ஆரம்பத்திலேயே ஒரு விஷயத்தில் கறாராக இருக்கிறேன். அக்டோபரிலிருந்து டிசம்பர் முடியும்வரை தந்தியின் ஒலியை அடக்கும் டேம்பரின் எந்தக் கம்பியையும் வளைக்காதீர்கள். கீழே விழுந்தோ இடித்தோ வளைந்தது கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் விதிவிலக்கு. கடற்காற்றும் மழையும் சேரும்போது இங்கே காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். பியானோவுக்குப் பிடித்தது 40 முதல் 60 வரை. ஈரத்தில் உள்ளே இருக்கும் துணியும் மரமும் ஊதிக்கொள்ளும். அந்த ஊதலுக்கு ஏற்றபடி கம்பியை வளைத்துச் சரிசெய்தால், மார்ச்சில் எல்லாம் சுருங்கும்போது அந்தக் கம்பி தப்பான இடத்தில் நிற்கும். இல்லாத கோளாறு ஒன்றை நாமே உண்டாக்கியதாக ஆகிவிடும்.

டேம்பர் செய்யும் வேலை எளிதானது. கட்டையை அழுத்தாத நேரத்தில் ஃபெல்ட் என்னும் தடித்த கம்பளித் துணி ஒட்டிய ஒரு சிறு மரத்தலை தந்தியைத் தொட்டுக்கொண்டு நின்று, அதை அதிரவிடாமல் பிடித்து வைக்கும். கட்டையை அழுத்தினால் விலகும், விட்டால் திரும்ப வந்து அமரும். நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் பியானோவில் இதைத் திரும்பத் தள்ளுவது ஒரு மெல்லிய ஸ்பிரிங். படுத்திருக்கும் கிராண்ட் பியானோவில் ஸ்பிரிங் கிடையாது, டேம்பர் தன் எடையால் கீழே விழுகிறது. வலது பெடலை மிதித்தால் எல்லா டேம்பர்களும் ஒரே நேரத்தில் விலகும். நம் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் அப்ரைட்தான். அதனால் அதைப் பற்றியே அதிகம் பேசுகிறேன்.

முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள்

மேல்மூடியைத் தூக்கினால் உள்பக்கம் இரு ஓரத்திலும் மரத்தாலோ உலோகத்தாலோ ஆன தாழ்ப்பாள் இருக்கும். அதைத் திருப்பினால் முன்பலகை கையோடு வந்துவிடும். கீழ்ப்பலகையைக் கட்டைகளுக்கு அடியில் ஒரு பட்டை ஸ்பிரிங் பிடித்திருக்கும். அதை மேல்நோக்கி அழுத்திப் பலகையை இழுத்தால் பெடல் இயங்கும் பாகங்கள் தெரியும். கையில் ஒரு டார்ச்சும் தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். பழுதான கட்டையின் எண்ணை இடதுகோடியிலிருந்து எண்ணிக் குறித்துக்கொண்டால் பிறகு தேட வேண்டியதில்லை.

இப்போது சத்தம் நிற்காத அந்தக் கட்டையை அழுத்தி விடுங்கள். விட்டதும் நான்கு இடங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும். கட்டை பக்கத்துக் கட்டைகளோடு சமமாக மேலே வந்ததா? வந்தது என்றால் தந்தியை அடிக்கும் சுத்தி பின்னால் போய் ஓய்வெடுக்கும் இடத்தில் அமர்ந்ததா? அதுவும் சரி என்றால் டேம்பர் தந்தியைத் தொடுகிறதா? தொட்டும் ஒலிக்கிறதா? முதல் கேள்விக்கோ இரண்டாவதுக்கோ "இல்லை" என்று பதில் வந்தால் டேம்பர் நிரபராதி. பாதி வீடுகளில் விஷயம் அங்கேயே முடிந்துவிடும்.

கட்டையே கீழே நின்றுவிடுகிறது

கட்டை எழாதவரை டேம்பரும் தந்தியை விட்டு விலகியேதான் நிற்கும். பல கட்டைகள் ஒன்றாகச் சோம்பல் காட்டினால் கட்டைகளுக்கு முன்னால் ஓடும் நீளமான மரப்பட்டியைச் சந்தேகப்படுங்கள். ஈரத்தில் அது வளைந்து கட்டைகளின் முகத்தில் உரசும். பட்டியின் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, அதற்கும் பின்னால் உள்ள மரத்துக்கும் நடுவே விசிட்டிங் கார்டைக் கிழித்து ஒரு துண்டு சொருகினால் போதும். காசு செலவில்லாத வைத்தியம், மழை நின்றதும் எடுத்துவிடலாம்.

ஒரே ஒரு கட்டை மட்டும் சிக்கினால் இரண்டு கட்டைகளின் இடுக்கில் பென்சில் துண்டோ நாணயமோ விழுந்திருக்கலாம். பள்ளிக்கூடத்துப் பியானோ என்றால் இதைத்தான் முதலில் பாருங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் கட்டைக்கு அடியில் உலோக முளை நுழையும் துளையில் ஒட்டிய துணி ஊதியிருக்கும். அதற்கென்றே ஒரு இடுக்கி உண்டு. அதை வைத்துத் துணியை மெல்ல ஒருமுறை அழுத்திவிட்டால் கட்டை சுதந்திரமாகும். பலமாக அழுத்தினால் வெயில் காலத்தில் கட்டை இடமும் வலமும் ஆடத் தொடங்கும்.

பெடலை மிதிக்காமலே எல்லாக் கட்டைகளும் ஒலிக்கின்றன

ஒன்றிரண்டு இல்லாமல் பெட்டி முழுக்க ஒலித்தால் குற்றவாளி கீழே இருக்கிறது. வலது பெடலை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். நுனியில் ஒரு 3 மில்லிமீட்டராவது வெறுமனே இறங்கி, அதன் பிறகுதான் டேம்பர்கள் அசைய வேண்டும். அந்தத் தளர்ச்சி இல்லையென்றால் பெடல் எந்நேரமும் டேம்பர்களைக் கொஞ்சம் தூக்கியபடியே இருக்கிறது என்று அர்த்தம். பெடலிலிருந்து வரும் கம்பியில் பட்டாம்பூச்சி நட்டு ஒன்று இருக்கும். அதைத் தளர்த்தும் பக்கமாகக் கால்சுற்று, அரைச்சுற்று என்று திருப்பி, ஒவ்வொரு முறையும் வாசித்துப் பாருங்கள். அதிகமாகத் தளர்த்தினால் பெடலை முழுக்க மிதித்தாலும் டேம்பர் போதிய அளவு விலகாது.

தளர்ச்சி இருந்தும் ஒலி நிற்கவில்லை என்றால், பெடலிலிருந்து மேலே ஏறும் மரக்குச்சியைக் கழற்றுங்கள். குச்சியைத் தாங்கும் நெம்புகட்டையைக் கீழே அழுத்தினால் குச்சி வெளியே வந்துவிடும். குச்சியை எடுத்தவுடன் டேம்பர்கள் "டப்" என்று தந்தியில் வந்து விழுந்தால் கோளாறு குச்சியிலோ பெடலிலோ இருக்கிறது. குச்சி ஊதி, அது நுழையும் துளையில் இறுகியிருக்கும். உரசிய தடம் பளபளப்பாகத் தெரியும். அந்த இடத்தை மட்டும் நைஸ் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, 6பி பென்சிலின் கரியைத் தடவிச் சொருகுங்கள். குச்சியை எடுத்தும் டேம்பர்கள் அசையவில்லை என்றால், சுத்திகளும் டேம்பர்களும் அடங்கிய இயங்கு தொகுதியான ஆக்‌ஷனுக்குள் குறுக்கே ஓடும் இரும்புத் தண்டு துருப்பிடித்து அதன் தாங்கிகளில் இறுகியிருக்கிறது. அதற்கு ஆக்‌ஷனைக் கழற்ற வேண்டும். தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

ஒரு கட்டை மட்டும் நிற்காமல் ஒலிக்கிறது, டேம்பர் மெதுவாகத் திரும்புகிறது

நவம்பர் நோய் என்றால் இதுதான். டேம்பர் தலையை விரலால் தந்தியிலிருந்து விலக்கிவிட்டு விடுங்கள். நல்ல டேம்பர் சட்டென்று திரும்பும். நோயுற்றது நிதானமாக வரும், இல்லாவிட்டால் பாதி வழியில் நின்றுவிடும்.

காரணம் இரண்டில் ஒன்று. முதலாவது ஸ்பிரிங். அது உடைந்திருக்கலாம், அல்லது டேம்பரின் நெம்புகோலில் இருக்கும் பள்ளத்தை விட்டு வழுக்கி வெளியே நிற்கலாம். வழுக்கியதை ஒரு கொக்கி ஊசியால் இழுத்துப் பள்ளத்தில் திரும்ப வைத்தால் வேலை முடிந்தது. துறைமுகத்துக்கும் காசிமேட்டுக்கும் பக்கத்து வீடுகளில் ஸ்பிரிங் கறுத்து, தொட்டாலே முறியும் நிலையில் இருக்கும். அந்த மாதிரிப் பெட்டியில் ஒன்றை மாற்றும்போதே அடுத்தவையும் சீக்கிரம் வரிசையில் வரும் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம் சென்டர் பின். டேம்பரின் நெம்புகோல் ஒரு குண்டூசி அளவுக் கம்பியில்தான் சுழல்கிறது. எண் 20 என்ற அளவின் தடிமன் 1.27 மில்லிமீட்டர், அடுத்த அரை எண்ணுக்கு 0.025 மில்லிமீட்டர்தான் கூடும். இவ்வளவு நுண்ணிய இடத்தில் சிவப்புத் துணி ஒன்று அந்தப் பின்னைச் சுற்றி இருக்கிறது. ஈரம் ஏறினால் துணி ஊதி, பின்னை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பழைய பெட்டிகளில் பின்னிலேயே பச்சைக் களிம்பு படிந்து அதையும் சேர்த்துக் கெடுக்கும்.

இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் எண்ணெய் ஞாபகம் வருகிறது. தேங்காயெண்ணெய், தையல்மிஷின் எண்ணெய், துரு நீக்கும் ஸ்பிரே எதுவும் வேண்டவே வேண்டாம். ஊற்றிய அன்றைக்கு அருமையாக ஓடும். அப்புறம் துணி எண்ணெயைக் குடித்து ஊதும், தூசியைப் பிடித்துக்கொள்ளும், சில மாதத்தில் பிசின் மாதிரி ஆகிவிடும். எண்ணெய் இறங்கிய துணியில் நான் கீழே சொல்லப்போகும் வைத்தியமும் பலிக்காது. ஒவ்வொரு துணியையும் பிடுங்கிப் புதிதாக ஒட்டுவதுதான் வழி. டேம்பர் கிட்டத்தட்ட எழுபது இருக்கும், செலவை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மருந்து சூடு. பெட்டியின் அடிப்பகுதியில், பெடலுக்கு மேலே, 25 வாட் பழைய குண்டு பல்பு ஒன்றை எரியவிடுங்கள். மரத்திலிருந்தும் துணியிலிருந்தும் அரை அடியாவது தள்ளி, கம்பிக் கூண்டுக்குள் இருக்கட்டும். எல்.இ.டி. பல்பில் இதற்கு வேண்டிய சூடு வராது. ஆள் இல்லாத வீட்டிலும் பூட்டிய சர்ச்சிலும் எரியவிடக் கூடாது. கீழே சூடான காற்று மெல்ல மேலேறி ஆக்‌ஷனை உலர்த்தும். சில நாளில் முக்கால்வாசி டேம்பர்கள் தாமாகவே வழிக்கு வந்துவிடும். பியானோவுக்கென்றே விற்கும் சூட்டுத்தண்டு இதே வேலையைப் பாதுகாப்பாகச் செய்யும். சர்ச் கமிட்டியிடம் கேட்டு ஒன்று வாங்கி மாட்டுவது நல்ல முதலீடு.

அப்படியும் அடங்காத ஒன்றிரண்டுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் சுத்தமான தண்ணீரும் சம அளவு கலந்து, இன்சுலின் ஊசியால் பின் நுழையும் இரு பக்கமும் ஒவ்வொரு சொட்டு விடுங்கள். ஆல்கஹால் மருந்துக்கடையிலேயே கிடைக்கும். பல்பை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், தீப்பிடிக்கும் சமாச்சாரம். சொட்டு விட்டதும் டேம்பர் முன்பைவிட மோசமாக இறுகும், பதற வேண்டாம். ஈரத்தில் துணி மேலும் ஊதிப் பின்னோடு நசுங்கும், காயும்போது முன்னைவிடச் சுருங்கி நிற்கும். அதுதான் தந்திரம். ஓரிரு நாள் காயவிட்டுப் பிறகு சோதியுங்கள். களிம்பு பிடித்த சென்டர் பின் இதற்கு மசியாது. அதைத் தட்டி எடுத்து, துளையைச் சீர்செய்து, புதுப் பின் போட வேண்டும். அது கைப்பழக்கம் உள்ளவர் வேலை.

டேம்பர் தந்தியில் அமர்ந்துதான் இருக்கிறது, ஆனாலும் மெல்லிய சத்தம் நிற்கவில்லை

கட்டையைத் தொடாமல், டேம்பர் அமர்ந்திருக்கும்போதே அந்தச் சுரத்துக்குரிய தந்திகளை நகத்தால் ஒவ்வொன்றாகச் சுண்டிப் பாருங்கள். நடுப்பகுதியில் ஒரு சுரத்துக்கு மூன்று தந்தி. இரண்டு "டக்" என்று அடங்கி ஒன்று மட்டும் "ணிங்" என்று ஒலித்தால் டேம்பர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் அந்தத் தந்திக்கும் ஃபெல்ட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும்.

மழைக்காலம் முடிந்த பிறகு இதைச் சரிசெய்யலாம். டேம்பர் தலையைத் தாங்கும் கம்பியை இரண்டு குறடால் பிடியுங்கள். கீழே ஒன்று அசையாமல் தாங்க, மேலே ஒன்று மயிரிழை அளவுக்கு வளைக்க. கீழே தாங்காமல் வளைத்தால் அந்த விசை முழுக்க சென்டர் பின்னில் போய் இறங்கும். வளைத்த பிறகு இரண்டு சோதனை உண்டு. சுண்டினால் மூன்று தந்தியும் ஒன்றாக அடங்க வேண்டும். பெடலை மெதுவாக மிதித்தால் அந்த டேம்பர் பக்கத்து டேம்பர்களோடு ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். ஒன்று சரியாகி இன்னொன்று கெட்டால் தலையை முன்பின்னாக நகர்த்தியிருக்கிறீர்கள், சாய்வை மட்டும் மாற்றவில்லை.

ஃபெல்ட்டிலும் கோளாறு இருக்கலாம். பல வருஷம் ஒரே இடத்தில் அழுந்தி, தந்தியின் தடம் பள்ளமாக விழுந்து இறுகிப்போயிருக்கும். விரலை எடுக்கும் நொடியில் "ஸ்ஸிங்" என்று ஒரு சீறல் கேட்டால் இறுகிய ஃபெல்ட்தான் அது. மெல்லிய ஊசியால் ஓரத்தில் இலேசாகக் குத்திப் பஞ்சாக்கலாம், கொஞ்ச நாள் தாங்கும். மந்திர ஸ்தாயியில் தாமிரம் சுற்றிய தடித்த தந்திகளுக்கு நடுவே நுழையும் ஆப்பு வடிவ ஃபெல்ட் தேய்ந்திருந்தால் ஊசி உதவாது. புதிதுதான் போட வேண்டும்.

பூச்சி அரித்திருந்தாலும் அப்படியே. ஃபெல்ட் கம்பளி ரோமத்தால் ஆனது, அந்துப்பூச்சிக்கு அது விருந்து. கீழே மெல்லிய தூள் உதிர்ந்து கிடந்தால் வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்துவிட்டு, பாச்சா உருண்டையைத் துணியில் முடிந்து பெட்டியின் அடியில் வையுங்கள். ஃபெல்ட்டின்மேல் நேராகப் படக் கூடாது. எலி வந்துபோன பெட்டி என்றால் கையுறை போட்டுக்கொண்டு திறங்கள்.

புது ஃபெல்ட் ஒட்டுவது

பாரிமுனையில் தையல் கடைகளிலும் பாலிஷ் சாமான் கடைகளிலும் விற்கும் ஃபெல்ட் இதற்கு ஆகாது. அது இறுகலானது, தந்தியை அடக்குவதைவிட அதன்மேல் உரசிச் சத்தம்போடும். டேம்பருக்கென்று மென்மையாகச் செய்த ஃபெல்ட்டையே வரவழையுங்கள். ஆர்டர் செய்யும்போது தட்டை எத்தனை, ஆப்பு எத்தனை, பிளந்த ஆப்பு எத்தனை என்று எண்ணிக்கொண்டு, பழையதில் ஒவ்வொரு வகையிலும் ஒரு மாதிரியைக் கத்தரித்து அளவு கொடுத்துவிடுங்கள்.

பழையதை வெதுவெதுப்பான ஈரத்துணி வைத்து ஊறவிட்டு உரித்தால் மரம் பிய்யாது. ஒட்டுவதற்கு விலங்குப் பசையே என் தேர்வு. பிறகு யாராவது மாற்ற நினைத்தால் சூடு காட்டினால் விட்டுக்கொடுக்கும். உடனடிப் பசையைத் தொடவே தொடாதீர்கள், ஃபெல்ட்டுக்குள் ஊறிக் கல்லாகிவிடும். ஒட்டும்போது ஒரு நுட்பம் உண்டு. தலையில் கொஞ்சமாகப் பசை தடவி ஃபெல்ட்டை வைத்ததும், ஆக்‌ஷனை அதன் இடத்தில் நிறுத்தி டேம்பர்களைத் தந்தியில் அமர விடுங்கள். ஸ்பிரிங்கே ஃபெல்ட்டைத் தந்திக்கு நேராக அழுத்திக் காயவைக்கும். மேசையில் வைத்து ஒட்டினால் எவ்வளவு அளந்தாலும் சில கோணலாகவே வரும்.

கட்டையை அழுத்தினால் சத்தம் அமுங்கி வருகிறது

இது எதிர்ப்பக்கத்துக் கோளாறு. டேம்பர் தாமதமாக விலகுகிறது. கட்டையை மிக மெதுவாக அழுத்திக்கொண்டே சுத்தியைப் பாருங்கள். சுத்தி தந்தியை நோக்கிப் பாதி தூரம் போனதும் டேம்பர் கிளம்ப வேண்டும். ஆக்‌ஷனின் பின்பக்கம் ஸ்பூன் போன்ற சிறு உலோகத் துண்டு டேம்பரின் வாலைத் தள்ளுகிறது. அதை டேம்பர் பக்கமாக வளைத்தால் சீக்கிரம் கிளம்பும், எதிர்ப்பக்கம் வளைத்தால் தாமதமாகும். சீக்கிரம் கிளம்பினாலும் தொல்லைதான், கட்டை கனமாகிவிடும். ஸ்பூன் எட்டாத இடத்தில் இருப்பதால் அதற்கென்று வளைந்த கருவி தேவை. வீட்டில் முயல வேண்டாம் என்றே சொல்வேன்.

கோளாறே இல்லாத இரண்டு விஷயம்

வலதுகோடியில் கடைசிப் பதினெட்டு, இருபது கட்டைகளுக்கு டேம்பரே கிடையாது. தந்தி குட்டை, சத்தம் தானே சீக்கிரம் அடங்கிவிடும். அந்தக் கட்டைகள் இழுத்து ஒலிக்கின்றன என்று பழுதுபார்க்க ஆள் தேடாதீர்கள்.

இன்னொன்று பழைய இங்கிலாந்து அப்ரைட். முன்பலகையை எடுத்ததும் சுத்திகளுக்கு முன்னால் செங்குத்துக் கம்பிகள் கூண்டு மாதிரி நின்றால் டேம்பர்கள் சுத்திக்கு மேலே இருக்கும் வகை அது. தந்தியின் ஓரத்தில், அதிர்வு குறைந்த இடத்தில் அமர்வதால் புதிதாக இருந்தபோதே அவை முழுசாக அடக்கியதில்லை. பல பெட்டிகளில் கம்பியின் மேல்முனைத் திருகைச் சுற்றி நேரத்தைச் சரிசெய்யலாம், ஃபெல்ட் மாற்றலாம். அதற்குமேல் எதிர்பார்த்துப் பணம் செலவழிப்பது வீண்.

கிராண்டில்

டேம்பர் மெதுவாக விழுந்தால் அதன் கம்பி நுழையும் வழிகாட்டித் துளையில் ஊதிய துணியோ, கம்பியில் கறையோ இருக்கும். கம்பியைத் துடைத்துப் பளபளப்பாக்கினாலே பாதி சரியாகும். ஆக்‌ஷனை வெளியே இழுக்கும்போது எந்தக் கட்டையும் அழுந்தக் கூடாது, அழுந்தினால் சுத்தியின் தண்டு முறியும்.

வெள்ளம் புகுந்த பெட்டி

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வட சென்னையில் பல தெருக்களில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. கணுக்கால் அளவுத் தண்ணீர் ஆக்‌ஷனைத் தொடாது, ஆனால் பெடல் பாகங்கள் அத்தனையும் மூழ்கும். தண்ணீர் வடிந்ததும் கீழ்ப்பலகையை எடுத்துவிட்டு மின்விசிறிக் காற்றில் வையுங்கள். வெயிலில் தூக்கி வைத்தால் ஒட்டு விட்டுப்போகும். பெடல் இறுகியிருந்தால் மிதித்து விடுவிக்கப் பார்க்காதீர்கள். மரக்குச்சியை மட்டும் கழற்றி எடுத்துவிட்டால் டேம்பர்கள் தந்தியில் அமர்ந்துகொள்ளும், பெடல் இல்லாமல் பாட்டுப் பயிற்சியை நடத்தலாம். நட்டையும் கீல்களையும் துடைத்து, சேறு காய்ந்து தூளானதும் துலக்கி எடுத்து, மரம் முழுக்கக் காய்ந்த பிறகு, அதாவது பிப்ரவரி வாக்கில், குச்சியைத் திரும்ப மாட்டி அந்த 3 மில்லிமீட்டர் தளர்ச்சியை முதலிலிருந்து வையுங்கள்.